தாட்சாயிணியின் இடது கை

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு க்ஷயரோகம் இருந்ததென்றும், நான் அதை மறைத்துக் காட்டுப்பாக்கத்தார் தலையில் கட்டிவிட்டேன் என்றும் செங்கல்வராயன் இன்றைக்கும் ஆவடி ரயிலடியில் நின்றுகொண்டு பேசுகிறானாம். கேட்டவர்கள் வந்து என்னிடம் சொல்லுகிறார்கள். வெள்ளானூரில் எங்கள் வீட்டைப் பற்றி இப்படி ஒரு பேச்சு என் தகப்பனார் காலத்திலும் இருந்ததில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் எனக்கு விளங்காதவை சில உண்டு. அவற்றை விளங்கியது போல எழுதப்போவதில்லை.

தாட்சாயிணி என் தம்பி மாசிலாமணியின் மகள். அவளுக்கு நாலு வயசாகும்போது தம்பி போய்விட்டான். மார்கழிப் பனியில் ஏரி மதகுக் காவலுக்குப் போய்ப் போய் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தான். பனிதான் காரணம். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னோம். என் மனைவி பிள்ளையில்லாமலே காலமாகிவிட்டபடியால், தம்பி மனைவி அன்னம்மாளும் இந்தப் பெண்ணும்தான் என் குடும்பம்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில், தாட்சாயிணியைக் காட்டுப்பாக்கம் உலகநாதன் மகன் நாகேந்திரனுக்கு நிச்சயம் செய்தோம். தை மாதம் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண் என்று யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காகப் பந்தலுக்குச் சவுக்குக்கழி முதற்கொண்டு நானே நின்று பார்த்து வெட்டச் சொல்லியிருந்தேன்.

கார்த்திகையில் அந்த டாக்டர் வந்தார். பெயர் ஜானகிராமன். முப்பது வயசு இருக்கும். பட்டணத்திலிருந்து ஆவடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நான் அனுப்பிய வண்டியில் வந்து பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கினார். ஊரில் எல்லார் கையிலும் சின்ன ஊசி ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சொன்ன அரை நாழிகையில் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. எங்களுக்குப் பங்காளியான செங்கல்வராயன், "எனுக்கு இன்னா கேடு? நான் எதுக்குக் குத்திக்கணும்?" என்று மாந்தோப்புக்குப் போய்விட்டான்.

எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. அம்மை குத்துகிறவர் முதன்முதல் எங்கள் ஊருக்கு வந்தபோது ஜனங்கள் பிள்ளைகளை நெற்குதிருக்குள் இறக்கி மறைத்தார்களாம். என் தகப்பனார் ஒருவர் மட்டும் சாவடியின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். அந்த வருஷம் பெரியம்மை தெருத்தெருவாகப் புகுந்து ஆட்களைக் கொண்டுபோயிற்று. எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போயிற்று. அதுமுதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அம்மை குத்தின இடம் பொங்கியதா என்று பார்க்க அம்மை குத்துகிறவர் திரும்பி வரும் நாளில் எல்லாரும் கையைக் காட்டிக்கொண்டு நிற்போம். "பால் பிடிச்சிருக்கு" என்று அவர் சொன்னால் பெருமை. பிடிக்காதவருக்கு மறுபடியும் குத்து. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற பெண்டுகள் வளையல் அளவு பார்ப்பது போலக் கையைத் திருப்பி, மேல்கைத் தழும்பைத்தான் பார்ப்பார்கள். ஆழமாக விழுந்த தழும்பு நல்ல வீட்டு அடையாளம்.

ஆகவே நான் முதலில் போய் உட்கார்ந்தேன். என் பின்னால் அன்னம்மாள், தாட்சாயிணி, பண்ணையாள் துலுக்கானம், அவன் பெண்டாட்டி பிள்ளைகள். நான் உட்கார்ந்ததைப் பார்த்துப் பாதி ஊர் வந்தது.

டாக்டர் முன்கையில் தோலுக்குள் ஊசியைச் செருகிக்கொண்டே பேசினார். "பெரியவரே, அம்மை குத்துவதைப் போல இது தடுப்பு இல்லை. சோதனை. ஒரு கிருமி உள்ளே வந்திருக்கிறதா என்று உடம்பைக் கேட்கிறோம். உடம்பு அதை எதிர்க்கத் தெரிந்துகொண்டிருந்தால் இந்த இடம் எழும்பும்."

எந்தக் கிருமி என்று நான் கேட்கவில்லை. வந்தவுடன் க்ஷயம் என்று சொன்னால் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள் என்பதால் அவரும் சொல்லாமல் விட்டாராம். எதிர்த்தால் எழும்பும் என்பது மட்டும் என் மனசில் நின்றது. எதிர்ப்பது நல்ல குணம்தானே.

மறுநாளே கைகள் எழும்பத் தொடங்கின. என் கையில் நாவல்பழம் அளவுக்குத் தடிப்பு. அன்னம்மாளுக்கும் சிவந்து தடித்திருந்தது. துலுக்கானம் களத்தில் நின்று தன் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆண்டே, உங்க கையில போண்டா மாதிரி வந்து கீது. எனுக்கு வடைதான் வந்துச்சு. ஊசியிலகூட ஏழை பணக்காரன் பாக்குதே!"

"சும்மா இரு" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்.

தாட்சாயிணியின் கை மட்டும் வழவழவென்று இருந்தது. ஊசி குத்திய இடமே தெரியவில்லை.

அன்று பார்த்து உலகநாதன் வந்தார். பூந்தமல்லி வரைக்கும் வேலையாக வந்தவர், மேளக்காரர் விஷயம் பேசிவிட்டுப் போகலாம் என்று வண்டியை எங்கள் ஊருக்குத் திருப்பியிருந்தார். என் கையைப் பார்த்துப் பதறினார்.

"இன்னா சம்பந்தி, கை இப்பிடி வீங்கிகினு கீது? தேள் கீள் கொட்டிச்சா?"

"வீக்கம் இல்லை சம்பந்தி. ஊசி பிடிச்சிருக்கு. பட்டணத்து டாக்டர் போட்டது. எங்க ஊட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருச்சு. உடம்புல எதிர்ப்பு இருந்தாத்தான் இப்படி எழும்புமாம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பிடியா? எங்க ஊருக்கு இன்னும் வரலியே அந்த ஆளு. பொண்ணுக்கு எப்பிடி எழும்பிச்சு?"

"நேத்துத்தானே போட்டாங்க. விடியறதுக்குள்ள எழும்பிடும். எங்க ஊட்டு ரத்தம்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அன்னம்மாள் நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

விடிந்தபோது தாட்சாயிணியின் இடது முன்கையில் எழும்பியிருந்தது. என் கையை விடப் பெரிது. நடுவே நீர்க்கொப்புளங்கள், சுற்றிலும் கறுத்த விளிம்பு. பெண் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, சொரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சேராங்கொட்டைப் பால் பட்டு வெந்த தோலை நான் பார்க்காதவன் அல்ல. துணி வெளுக்கிற வேம்புலியம்மாள் எங்கள் வேட்டிகளுக்குக் குறி போடுவது அந்தக் கொட்டையில்தான். முந்தின மாலை அவள் வந்து போயிருந்தாள். அன்னம்மாளைப் பார்த்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுப் பெண்கள் வீட்டுக் கௌரவத்துக்காகச் செய்கிற காரியத்தை விசாரணைக்கு இழுப்பது என் வழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் டாக்டர் எல்லார் கையையும் பார்க்க உட்கார்ந்தார். பள்ளிக்கூடக் கொட்டகை நிறைய ஆட்கள். செங்கல்வராயனும் தோப்பிலிருந்து திரும்பி வேடிக்கை பார்க்க வந்திருந்தான். டாக்டர் ஒவ்வொரு கையையும் விரலால் தடவி, தடிப்பு எதுவரை என்று கண்டு, சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார். என் கையைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். தாட்சாயிணி கையை நீட்டியதும் அவர் முகம் மாறிற்று.

"எவ்வளவு நாளாய் இருமல் இருக்கிறது?"

"இருமலே இல்லீங்களே" என்றாள் பெண்.

"சாயங்காலத்தில் காய்ச்சல்? உடம்பு இளைத்ததா? சாப்பாடு இறங்குகிறதா?"

"எதற்கு இதெல்லாம் கேட்கிறீர்கள்?" என்றேன். "நன்றாகத்தானே பிடித்திருக்கிறது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் சொன்னார். இது க்ஷயரோகக் கிருமிக்கான சோதனை. எழும்பினால் அந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்கு எழும்பியதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கடுமையாகக் கொப்புளம் கட்டியிருப்பதால் சமீபத்தில் பிடித்ததாக இருக்கலாம். மார்பைப் படம் எடுத்துப் பார்க்கும்வரை தனித் தட்டு, தனி அறை.

"தை மாதம் கல்யாணம்" என்றேன்.

"தள்ளி வையுங்கள்."

பிறகு துலுக்கானம் தன் கையைத் துண்டால் மூடிக்கொண்டான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராக மூடிக்கொண்டார்கள். காலையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்த கைகள்.

செங்கல்வராயன் மட்டும் மூடவில்லை. ஊசியே போடாத தன் கையை நீட்டி முறுக்கிப் பார்த்துக்கொண்டான். "பெரிய ஊட்டுக்காரங்க எல்லாத்துலயும் முந்திக்குவாங்க" என்றான். "இதுலயும் முந்திக்கினாங்க."

எல்லாரும் போன பிறகு டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "எழும்பினால் நல்லதா, கெட்டதா? ஒன்றைச் சொல்லுங்கள்."

"இரண்டும்தான் பெரியவரே. கிருமி வந்தது, அது கெட்டது. உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகிக்கொண்டது, அது நல்லது. எழும்பிய நூறு பேரில் பெரும்பாலோர் சாகும்வரை ஒரு நோயும் இல்லாமல் இருப்பார்கள்."

"அப்படியானால் எழும்பாதவன்?"

"கிருமி இன்னும் வராதவனாக இருக்கலாம். அல்லது நோய் முற்றி, எதிர்க்கவே தெம்பு இல்லாதவனாகவும் இருக்கலாம்."

எனக்குத் தெரிந்த வழியில் கேட்டுப் பார்த்தேன். "வரப்பில் காலடி இருந்தால் திருடன் வந்தான் என்று தெரியும். கதிரை அறுத்துக்கொண்டு போனானா, காவலைக் கண்டு ஓடினானா, இன்னும் உள்ளேயே படுத்திருக்கிறானா என்று காலடி சொல்லாது. அப்படியா?"

"அதேதான். ரத்தத்தை எடுத்து, கிருமியோடு சண்டை போட உடம்பு செய்து வைத்த சரக்கு அதில் இருக்கிறதா என்று பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே தொல்லைதான். சரக்கு இருக்கிறது என்று தெரிகிறது. சண்டை முடிந்துவிட்டதா, நடக்கிறதா என்று தெரியவில்லை." பிறகு கேட்டார், "உங்கள் வீட்டில் யாராவது நெடுநாள் இருமி இறந்தது உண்டா?"

"இல்லை" என்றேன்.

தாட்சாயிணியைக் கொல்லைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அவள் தட்டையும் தண்ணீர்ச் செம்பையும் தனியே வைத்தோம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, செய்யாமல் முடியாது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கை எழும்பவே இல்லை. இந்த ஊசியின் கணக்கில் எங்கள் வீட்டிலேயே மாசில்லாத கை அவளுடையது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், கல்யாணப் பெண்ணின் கையில் கொட்டை வைத்துக் கொப்புளம் காட்டிய வீடு எங்கள் வீடு என்றும் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயரா, வீட்டின் பெயரா என்று இரண்டு நாள் களத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு சமயம் தோன்றும். அடுத்த சமயம் இல்லை என்று தோன்றும்.

இரண்டாம் நாள் மத்தியானம் அறை வாசலில் நின்று, "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன் பெரிய நைனா." அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள், என்மேல் மூச்சுக் காற்று படாதபடி. "எனுக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"எனுக்கும் தெரியும். அம்மாதான் வச்சுச்சு. ஆனா எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு, நேத்திலேருந்து நெஞ்சுல இன்னாவோ கெடக்கிற மாதிரி கீது. இருமலாமான்னு தோணுது. இருமினா அவ்ளோதான்னு அடக்கிகினு கீறேன்."

சொல்லிவிட்டு வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலையே உலகநாதன் வந்துவிட்டார். கூடவே மகன் நாகேந்திரன். யார் போய்ச் சொன்னது என்று நான் கேட்கத் தேவையில்லை, செங்கல்வராயன் அதே வண்டியிலிருந்து இறங்கினான்.

உலகநாதன் உட்காரவில்லை. "எதிர்ப்பு கீது, ரத்தம் கீதுன்னு பெருமையா சொன்னீங்களே சம்பந்தி! க்ஷயத்தைக் கையில வச்சிகினா எங்கிட்ட பீத்திக்கினீங்க? பாக்கு வெத்தலையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பொறுங்க மாமே" என்றான் செங்கல்வராயன். "அண்ணாத்தே ஏதாவது வச்சிருப்பாரு சொல்றதுக்கு. அவரு தோத்து நான் பாத்ததில்ல."

"டாக்டரிடம் வாருங்கள்" என்றேன். "சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுகிறேன்."

எல்லாருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அன்னம்மாளையும் பெண்ணையும் பின்னால் வரச் சொன்னேன். வழியில் சேர்ந்துகொண்டவர்களோடு அரை ஊர் ஆயிற்று. டாக்டர் வெளியே வந்தார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"டாக்டர், நீங்கள் பார்த்த கொப்புளம் உங்கள் ஊசியால் வந்ததில்லை. சேராங்கொட்டையால் வந்தது. பெண்ணுக்கு ஊசி பிடிக்கவேயில்லை. பிடிக்கவில்லை என்றால் குறைவு என்று, பிடித்தது போலக் காட்டினோம். என் வீட்டில் நடந்தது. செய்தது யார் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். வீடு என்னுடையது."

"சேராங்கொட்டை என்றால்?" என்றார் டாக்டர்.

"தோய்க்கிறவங்க துணிக்குக் குறி போடறதுங்க" என்றான் துலுக்கானம். "மேல பட்டா பொத்துப்பூடும்."

டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது. படம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு எழுதியே அனுப்பிவிட்டாராம். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தை நான் பொறுத்துக்கொண்டேன், சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

உலகநாதன் கையைத் தட்டினார். "அடேயப்பா! நோயில்லாத பொண்ணுக்கு நோயை எழுதிக் காட்டற ஊடு, நோயிருந்தா எதை எழுதிக் காட்டுமோ?"

"மறுபடியும் ஊசி போடுங்கள்" என்றேன் டாக்டரிடம். "வலது கையில், இவர்கள் கண்ணெதிரே. மூன்று நாளும் பெண் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஊர் பார்க்க இருக்கட்டும். அதோடு சம்பந்தி கையிலும் போடுங்கள். மாப்பிள்ளை கையிலும் போடுங்கள். ஒரு வீட்டை மட்டும் சோதித்தால் அது நியாயம் இல்லை."

உலகநாதன் பின்வாங்கினார். ஆனால் நாகேந்திரன், அதுவரை வாய் திறக்காதவன், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். மகன் நீட்டிய பிறகு தகப்பன் நீட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்த மூன்று நாளும் நான் ஒன்றையே வேண்டிக்கொண்டேன். தாட்சாயிணியின் கை எழும்பக்கூடாது. ஒரு வாரத்துக்கு முன் எழும்பவில்லையே என்று வெட்கப்பட்ட அதே நான்.

மூன்றாம் நாள் காலையில் காட்டுப்பாக்கத்து வண்டி வந்தது. டாக்டர் முதலில் உலகநாதன் கையைப் பார்த்தார். என் கையைப் போலவே எழும்பியிருந்தது. நாகேந்திரன் கையில் ஒன்றுமே இல்லை. தாட்சாயிணி வலது கையை நீட்டினாள்.

எழும்பியிருந்தது. பெரிதாக இல்லை, கொப்புளம் இல்லை, கறுப்பு இல்லை. சுத்தமான சிவந்த தடிப்பு. டாக்டர் விரலால் தடவி, அளவுகோலை வைத்து, "எழும்பியிருக்கிறது" என்றார்.

நான் அந்த அளவுகோலை எட்டிப் பார்த்தேன். "எப்படி? அந்தக் கையில் எழும்பவில்லை. என் கண்ணால் பார்த்தேன். ஒரே உடம்புதானே?"

"இந்த முறை மருந்தைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன். அதனால் இருக்கலாம். அல்லது கிருமி வந்து வெகு காலமாகி, உடம்பே அதை மறந்திருக்கலாம். முதல் ஊசி நினைவுபடுத்தியது, இரண்டாவதற்கு எழுந்து பதில் சொல்கிறது. நிச்சயமாக எனக்குத் தெரியாது பெரியவரே. தெரிந்தது போலச் சொல்ல மாட்டேன்." அவர் குழாயை வைத்து அவள் முதுகிலும் மார்பிலும் வெகுநேரம் கேட்டார். "சத்தம் சுத்தமாக இருக்கிறது. இப்போது நோய் இருப்பதாகத் தெரியவில்லை. எப்போதோ சின்ன வயசில் பட்டிருக்க வேண்டும். வீட்டில் இருமியவர்கள் ஒருவரும் இல்லை என்றீர்களே?"

"இல்லை. என் தம்பி பனியில்..." என்று தொடங்கினேன்.

"ஒரு வருஷம் இருமினாரு" என்றாள் அன்னம்மாள். ஆண்கள் நடுவில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "ரத்தமும் வந்துச்சு. இவ அவரு மார்மேலதான் படுத்துத் தூங்குவா. எறக்கி வுட்டா அழுவா."

"அது பனி" என்றேன்.

டாக்டர் என்னிடம் வாதாடவில்லை. உலகநாதன் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டில்?"

"எங்க ஊட்டுலயா? ஒருத்தரும் கெடையாது!" நான் முதலில் சொன்ன அதே வேகத்தில் சொன்னார்.

"தாத்தா இருமினாரே நைனா" என்றான் நாகேந்திரன்.

"டேய், அது சுருட்டு இருமல்டா!"

"சுருட்டை நிறுத்தினப்புறமும் இருமினாரு. கொட்டாயில தனியா வச்சிருந்தோமே."

உலகநாதன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய சுருட்டும் என்னுடைய பனியும் நடுவில் நின்றன. இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

செங்கல்வராயன்தான் கேட்டான். "அப்ப இன்னா ஆவுது டாக்டரே? மாப்பிள்ளை கை எழும்பல. அது நல்லதா? பொண்ணு கை எழும்பிச்சு. அது கெட்டதா? எதுக்கு எது சேரும்?"

"நோய் இல்லாதவளிடமிருந்து யாருக்கும் ஒன்றும் ஒட்டாது" என்றார் டாக்டர். "இந்தப் பையன் இருமும் தாத்தாவோடு இருந்தும் ஏன் எழும்பவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை."

எனக்கு உடனே ஒரு யோசனை ஓடியது. எங்கள் பெண்ணின் உடம்பு எதிரியைப் பார்த்துப் பழகியது, இவன் உடம்பு பழகாதது. அப்படிப்பட்ட கைக்கு எங்கள் பெண்ணைக் கொடுக்கலாமா என்று நானல்லவா யோசிக்க வேண்டும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மாமா, போதும்" என்றாள் அன்னம்மாள் மெதுவாக.

நாகேந்திரன் தகப்பனிடம் சொன்னான். "உன் கையும்தான் எழும்பி கீது. உன்கூட ஒரே வட்டில்ல சாப்ட்டுத்தான் வளந்தேன். உன்னை எந்தக் கொட்டாய்ல கொண்டு வுட்றது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உலகநாதன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டு மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே, "படம் எடுத்துப் பாத்துடுங்க சம்பந்தி" என்றார். அவர் வாயில் மறுபடியும் சம்பந்தி என்ற சொல் வந்ததைக் கவனித்தேன். "அதுல ஒண்ணும் இல்லன்னா மேளக்காரனுக்குச் சொல்லிடலாம்."

தாட்சாயிணியைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தோம். மார்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அவள் அடக்கிக்கொண்டிருந்த இருமல் ஆவடிக்குத் திரும்பும் ரயிலிலேயே போய்விட்டது. அன்றிரவு அன்னம்மாள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. மாசிலாமணி எங்களுக்கு விட்டுப் போனது நிலமும் இந்தப் பெண்ணும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் எல்லார் கையிலும் எழும்பியது அவன் விட்டுப் போனதுதானா? அப்படியானால் அதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா? அவன் பனியால்தான் போனான். இதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் கைத் தடிப்பு அமுங்கிக்கொண்டு வந்த நாட்களில், அது முழுக்க மறைந்துவிடக்கூடாது என்று ஏனோ தோன்றியது.

மறைந்துவிட்டது. என் கையில் இப்போது ஒன்றும் இல்லை. தாட்சாயிணியின் வலது கையிலும் ஒன்றும் இல்லை. இடது கையில் அன்னம்மாள் வைத்த சேராங்கொட்டையின் புண் மட்டும் ஆறி, கறுத்த வட்டமாக நின்றுவிட்டது. மஞ்சள் பூசினோம், வேப்பெண்ணெய் தடவினோம், போகவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நலங்கு வைக்கும்போது காட்டுப்பாக்கத்துப் பெண்டுகள் வழக்கப்படி பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். மேல்கை அம்மைத் தழும்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள். பிறகு உலகநாதனின் அக்காள் முன்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது இன்னா வடு? கறுப்பா, காசு அளவுக்கு?"

அன்னம்மாள் கையில் மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். தாட்சாயிணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். ஊர் நடுவில் ஒரு முறை சொன்னவன், இன்னொரு முறை சொல்லத் தயங்கக்கூடாது என்று நினைத்தேன்.

அதற்குள் பந்தற்காலின் பக்கத்திலிருந்து உலகநாதன் குரல் கொடுத்தார்.

"அதுவா அக்கா? பட்டணத்து டாக்டர் போட்ட ஊசி. இந்த ஊட்டுல எல்லாருக்கும் போட்டாங்க. நம்ம பொண்ணுக்குத்தான் ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு."

அந்த அம்மாள் வடுவை விரலால் தடவிப் பார்த்து, "ஆமா, நல்லா ஆழமாத்தான் கீது" என்று சந்தனத்தை எடுத்தாள். உலகநாதன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை.